கோட்டாறு கடைவீதியும் அமெரிக்க நகர மையங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கப் பெருநகரங்களின் மையப் பகுதிகளை ஒப்பிட்டு வெளிவந்த கட்டுரையை, நாகர்கோவில் கோட்டாற்றில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் வைத்து இரண்டு முறை வாசித்தேன். கட்டுரையாளர் கட்டடங்களின் உயரம், அலுவலகப் பரப்பு, வாகனம் நிறுத்தும் வசதி ஆகியவற்றை அளவுகோலாக எடுத்துக்கொண்டு ஹூஸ்டன், டல்லாஸ் ஆகிய நகரங்களை முன்வரிசையில் வைத்திருந்தார். நம் ஊர்க் கடைவீதிகளும் நெரிசலை விட்டு வெளியேறி அகன்ற சாலையோரம் குடிபோக வேண்டும் என்று முடித்திருந்தார். பக்கத்தில் இருந்த பலசரக்குக் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, நம்ம சந்தையையும் நாலு வழிச் சாலைப் பக்கம் கொண்டு போனா நல்லதுதானே" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு அங்கே நான் சொன்ன பதில் அரைகுறையாகப் போய்விட்டது. முழுப் பதிலையும் எழுத இந்தக் கடிதத்துக்கு இடம் தருமாறு வேண்டுகிறேன்.

நான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று பதிவேட்டில் எழுதுவதுதான் என் வேலை. ஆனால் பல ஆண்டுகள் அந்தச் சிறிய அறையில் உட்கார்ந்திருந்தவனுக்கு வண்டியின் நேரத்தோடு ஊரின் நேரமும் பழகிவிடும். விடியுமுன் தோவாளையிலிருந்து பூக்கூடைகள் வந்து இறங்கும். அதன் பிறகு கடற்கரை ஊர்களிலிருந்து மீன் கடவத்தோடு பெண்கள் வருவார்கள். ஒன்பது மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகத்துக்குப் போகிறவர்களும் நிறைவார்கள். இரவு ஒன்பதரை மணி வண்டியில் ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்பிள்ளைகள் காலை நீட்டி உட்கார இடம் தேடுவார்கள். ஒரு ஊரின் மையம் உயிரோடு இருக்கிறதா என்பதை நண்பகல் கூட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதிகாலையிலும் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே யார், எந்தக் காரியத்துக்காக வந்துபோகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது நான் வேலையில் கற்றுக்கொண்ட கணக்கு. மகள் வீட்டுக்கும் மகன் வீட்டுக்குமாக அமெரிக்கா சென்று தங்கிய நாட்களில் நான் கண்ட நகரங்களை எல்லாம் இந்தக் கணக்கில்தான் பார்த்தேன்.

என் மகள் குடும்பம் ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே சுகர்லேண்ட் என்ற புறநகரில் வசிக்கிறது. முதல் தடவை சென்றபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நகரத்தின் நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "இன்னைக்கு அங்க என்னப்பா இருக்கும்" என்று மகள் தயங்கினாள். மருமகன் காரில் கொண்டுபோய் மெயின் தெருவில் இறக்கிவிட்டார். மணி பத்து இருக்கும். கண்ணாடிக் கோபுரங்கள் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன, தெரு துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது, ஆனால் ஆள் அரவம் இல்லை. பாதசாரிகளுக்கான விளக்கு எரிந்து அணைந்தது. கடக்க யாரும் இல்லை. ஒரு காப்பிக் கடையின் கண்ணாடிக் கதவில், திங்கள் முதல் வெள்ளி வரை மட்டுமே திறந்திருக்கும் என்று அட்டை தொங்கியது. அடுத்த கடையிலும் அதே வாசகம்தான். அரை மணி நேரம் நடந்தும் ஒரு டீ குடிக்க வழியில்லாமல், பூட்டிய கட்டடம் ஒன்றின் படியில் உட்கார்ந்து மருமகன் திரும்பி வரும்வரை காத்திருந்தேன். நாட்டின் நான்காவது பெரிய நகரத்தின் நட்டநடுவில்தான் நான் இருந்தேன் என்பதை இப்போதும் மனம் ஏற்க மறுக்கிறது.

இரண்டு நாள் கழித்து, வேலை நாளின் நண்பகலில், அதே இடத்துக்கு மறுபடி போனேன். தெருவில் அன்றும் பெரிய கூட்டம் இல்லை. கூட்டம் முழுவதும் தரைக்குக் கீழே இருந்தது. ஹூஸ்டன் நகர மையத்தின் அடியில், தெருமட்டத்துக்கு 20 அடி கீழே, சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்க நடைபாதைகள் ஓடுகின்றன; நாலு தெருவுக்கு நடுவிலுள்ள கட்டடத் தொகுதியைத் தெருக்கட்டம் என்றால், ஏறத்தாழ 95 தெருக்கட்டங்களை அவை இணைக்கின்றன. வெளியே நிற்க முடியாத வெயிலும் புழுக்கமும் உள்ள ஊரில் அது நல்ல வசதிதான் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வசதி என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒருவர் புறநகர் வீட்டிலிருந்து காரில் புறப்படுகிறார், அலுவலகக் கட்டடத்தோடு சேர்ந்த வாகன அடுக்கில் நிறுத்துகிறார், லிஃப்டில் ஏறுகிறார், மதியம் லிஃப்டில் இறங்கிச் சுரங்கத்தில் சாப்பிடுகிறார், மாலையில் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவருடைய செருப்பு தெருவில் படவே இல்லை. அலுவலகம் முடிந்தால் சுரங்கக் கடைகளும் மூடிக்கொள்கின்றன. சனி, ஞாயிறு அந்தப் பாதைகள் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. டல்லாஸிலும் இப்படிச் சுரங்க நடைபாதைகள் உண்டு. பனி கொட்டும் மினியாபோலிஸில் இதையே கட்டடங்களுக்கிடையே உயரத்தில் பாலங்களாக, 1962 முதல் கட்டி வந்திருக்கிறார்கள். கட்டுரையாளர் முன்வரிசையில் வைத்த நகரங்களின் நிலை இது.

ஹூஸ்டன்காரர்கள் இந்தக் குறையை அறியாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. 2004 ஜனவரி 1 அன்று மெயின் தெருவில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. மாநாட்டு அரங்கின் எதிரே வாகனம் நிறுத்திக் கிடந்த வெளியை எடுத்து 2008இல் டிஸ்கவரி கிரீன் என்ற பூங்காவை அமைத்தார்கள். அங்கே ஒரு மாலையில் என் பேரன் நீரூற்றில் நனைந்து விளையாடியதை நானே பார்த்தேன். விளையாட்டு அரங்குகளும் நடுவில் இருக்கின்றன. ஆட்ட நாளில் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், ஆட்டம் முடிந்ததும் போய்விடுகிறார்கள். அது திருவிழாக் கூட்டம். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாக் கூட்டத்தை வைத்து எங்கள் கடைவீதியின் வியாபாரத்தைக் கணக்குப் போட்டால் எந்த வியாபாரியும் சிரிப்பார்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதற்கு 1956ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்ததும் அதே ஆண்டுதான் என்பதால் அந்த ஆண்டு எங்களுக்கு மறக்காது. அந்த ஆண்டில்தான் அமெரிக்க அரசு சுமார் 66 ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலைகள் போடச் சட்டம் இயற்றியது. செலவில் 90 சதவீதத்தை நடுவண் அரசே ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் மினியாபோலிஸின் புறநகரான ஈடினாவில், முழுவதும் கூரையிட்டுக் குளிரூட்டப்பட்ட முதல் வணிக வளாகமான சவுத்டேல் திறக்கப்பட்டது. சாலை நகரத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தது, அதே சாலை வழியாகக் குடும்பங்கள் வெளியே போயின, அவர்கள் பின்னாலேயே கடைகளும் போயின. காலியான கட்டடங்களை இடித்து வாகனம் நிறுத்தும் வெளியாக்கினார்கள். நிறுத்த இடம் பெருகப் பெருக, போய்ப் பார்க்க அங்கே எதுவும் இல்லாமல் ஆனது.

இதில் கார்த் தொழில் நகரான டெட்ராய்ட்டின் ஹட்சன்ஸ் கடையின் கதையை எங்கள் கோட்டாறு வியாபாரிகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். உட்வர்ட் அவென்யூவில் ஒரு தெருக்கட்டத்தையே நிறைத்துக்கொண்டு நின்ற அந்தக் கடை, உயரத்திலும் பரப்பிலும் நாட்டின் மிகப் பெரிய கடைகளில் ஒன்று. ஊரில் கல்யாணம் என்றாலும் கிறிஸ்துமஸ் என்றாலும் சனம் அங்கேதான் போகும். அந்தக் கடையின் முதலாளிகளே 1954இல் நகர எல்லைக்கு வெளியே சவுத்ஃபீல்டில் நார்த்லேண்ட் என்ற பெரிய வணிக வளாகத்தைத் திறந்தார்கள். வாகனம் நிறுத்த ஆயிரக்கணக்கான இடங்கள் இருந்தன, வியாபாரமும் கொழித்தது. சொந்தக் கிளையே தாய்மரத்தின் சாற்றை உறிஞ்சியது. 1983 ஜனவரியில் நகரின் நடுவிலிருந்த கடையைப் பூட்டினார்கள். பதினைந்து ஆண்டுகள் அது இருண்டு கிடந்தது. 1998 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1950இல் 18 லட்சத்தைத் தாண்டியிருந்த டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 6.4 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அதற்குக் கார்த் தொழில் ஆலைகளின் சரிவும், நிறவேற்றுமையும், வேறு பல காரணங்களும் உண்டு. ஒரு கடையின் மேல் எல்லாப் பழியையும் சுமத்தக் கூடாது. ஆனால் தெருவில் போய்வர ஒரு காரணம் இருந்தவரை அங்கே சனம் இருந்தது என்பதும், அந்தக் காரணத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த பிறகு தெரு வெறிச்சோடியது என்பதும் கண்கூடு.

மிச்சிகனில் இருக்கும் என் தங்கை மகன் அந்த இடத்தை எனக்குக் காட்டினான். கடை இருந்த இடத்தில் இப்போது புதிய கோபுரம் எழுந்திருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி 2004இல் கேம்பஸ் மார்ஷியஸ் என்ற சதுக்கத்தைத் திறந்து, குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளமும் கோடையில் மணல்பரப்பும் போட்டு, சனத்தை மெல்ல மெல்லத் திரும்ப அழைத்து வருகிறார்கள். கைவிடப்பட்டுச் சன்னல்கள் உடைந்து நின்ற மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையக் கட்டடத்தைப் பழுதுபார்த்து 2024 ஜூனில் திறந்துவிட்டார்கள். அவர்கள் விடாமுயற்சியைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது. ஆனால் அறுபது, எழுபது ஆண்டுகளும் அளவில்லாத பணமும் செலவழித்து அவர்கள் மீட்க முயல்வது, நம் கோட்டாற்றில் இன்றைக்கும் செலவில்லாமல் கிடைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சாதாரணச் சந்தடியைத்தான்.

இதற்கு நேர்மாறாகப் பிலடெல்பியாவைச் சொல்ல வேண்டும். மகன் வீடு நியூஜெர்சியில் செர்ரி ஹில்லில் இருப்பதால், டெலவேர் ஆற்றைக் கடக்கும் ரயிலில் ஏறி நான் தனியாகவே அங்கே பலமுறை போய்வந்தேன். 1682இல் நகரை நிறுவிய வில்லியம் பென் வகுத்த நேர்கோட்டுத் தெருக்கள் பெருமளவு அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குள் வண்டி திரும்பவே சிரமப்படும் சந்துகளும், ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளும் உண்டு. சென்டர் சிட்டி என்று அவர்கள் அழைக்கும் அந்த மையத்தில் வீடு, ஆஸ்பத்திரி, கல்லூரி, நீதிமன்றம், அலுவலகம், கடை எல்லாம் நடைதூரத்தில் கலந்து கிடக்கின்றன. அமெரிக்காவில் நகர மையத்திலேயே மிகுதியானோர் குடியிருக்கும் நகரங்களில் இதுவும் ஒன்று, அவர்களில் பலர் நடந்தே வேலைக்குப் போகிறார்கள். பழைய ஆலைக் கட்டடங்களையும் அலுவலகங்களையும் வீடுகளாக மாற்றுவோருக்குப் பத்து ஆண்டு வரிச்சலுகையை 1997இல் நகராட்சி கொண்டுவந்தது அதற்கு உதவியது.

அந்த ஊரில் நான் திரும்பத் திரும்பப் போனது ரீடிங் டெர்மினல் சந்தைக்கு. அங்கே முன்பு சந்தை இருந்த இடத்தில் ரயில்வே கம்பெனி நிலையம் கட்ட வந்தபோது, சந்தையை ஊருக்கு வெளியே அனுப்பாமல், மேலே ரயில் நிற்கும் கூடமும் கீழே சந்தையுமாகக் கட்டினார்கள். அது திறந்தது 1893இல். எங்கள் நாகர்கோவில் மணிமேடைக் கடிகாரக் கோபுரம் திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் திறக்கப்பட்டதும் அதே 1893தான் என்பது நினைவுக்கு வந்து, சந்தை வாசலிலேயே சற்று நேரம் நின்றுவிட்டேன். 1984இல் ரயில்பாதையைச் சுரங்கத்துக்கு மாற்றியதால் மேலே ரயில் வருவது நின்றது. சந்தை இன்றும் நடக்கிறது. லங்காஸ்டர் பகுதியிலிருந்து பழைய வாழ்முறையைக் கைவிடாத ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தார் வந்து கடை போடுகிறார்கள். வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு பெண், மாவை முறுக்கித் திருப்பி ஒரே வீச்சில் முடிச்சாக்கி வெண்ணெய் தடவி அடுப்புக்குள் தள்ளியதை, எங்கள் ஊர் முறுக்குச் சுற்றும் பெண்களின் விரல்களை நினைத்துக்கொண்டு பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவதில்லை, அது அவர்கள் வழிபாட்டு நாள். மற்றக் கடைகள் திறந்திருக்கும். மாநாட்டுக்கு வந்தவர், பக்கத்து வீட்டு மூதாட்டி, நீதிமன்ற எழுத்தர், மீன் வாங்க வந்த சீனக் குடும்பம் என்று ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அங்கே ஒரு ஞாயிறு காலையில் ஒரு கோப்பைக் காப்பிக்கு நான் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஹூஸ்டனில் பூட்டிய கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

சியாட்டில் நகரின் பைக் பிளேஸ் சந்தையும் இதே வகையைச் சேர்ந்தது. இடைத்தரகர்களால் வெங்காய விலை பல மடங்கு ஏறி மக்கள் கொதித்துப்போனதால், விவசாயிகள் நேரடியாக விற்க இடம் தரவேண்டும் என்று 1907 ஆகஸ்ட் 17 அன்று அது தொடங்கியது. 1960களில் அதை இடித்து ஹோட்டலும் அடுக்கு வாகன நிறுத்தமும் கட்டத் திட்டம் தயாரானது. விக்டர் ஸ்டைன்புரூக் என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் ஊர் எதிர்த்தது. 1971 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, சந்தை இருக்கட்டும் என்று மக்களே தீர்ப்புச் சொன்னார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் வந்து குவிகிறார்கள். ஆனால் அதே வளாகத்தில் வருமானம் குறைந்த முதியோர் நூற்றுக்கணக்கானோர் குடியிருக்கும் வீடுகளும், சிறு மருத்துவ மையமும், குழந்தைகள் காப்பகமும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பயணிகள் வராத மழைநாளிலும் அந்தச் சந்தைக்கு ஆள் இருப்பதற்கு அவர்கள்தான் காரணம்.

சிகாகோவைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியவற்றில் பாதி சரி. லூப் என்ற அதன் மையத்தைச் சுற்றி 1897 முதல் உயர்மட்ட ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலே அந்த இரும்புச் சத்தம் கேட்கிறவரை தெருவில் ஆள் குறைவதில்லை. அவர் விட்டுவிட்ட செய்தி ஒன்று உண்டு. வாகனங்களை விலக்கினாலே கடைவீதி செழித்துவிடும் என்று நினைப்பவர்களுக்கும் அது பாடம் என்பதால் சொல்கிறேன். அங்குள்ள ஸ்டேட் தெருவை 1979இல் கார்கள் நுழையாத வீதியாக மாற்றி, நடைபாதையை அகலமாக்கி, பேருந்துகளை மட்டும் விட்டார்கள். கூட்டம் பெருகவில்லை. அகன்ற நடைபாதையில் இருக்கும் கொஞ்சம் பேரும் சிதறிப்போய், வீதி இன்னும் வெறுமையாகத் தெரிந்தது. 1996இல் அதைப் பழையபடி மாற்றிவிட்டார்கள். லூப்பின் நிலையை மாற்றியது வேறொன்று: 2000இல் 16 ஆயிரம் பேர் குடியிருந்த இடத்தில் 2020இல் 42 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் குடியிருந்தார்கள். இரவில் விளக்கு எரியும் வீடு இருந்தால் அதன் கீழே இரவில் திறந்திருக்கும் கடையும் இருக்கும்.

நியூயார்க்கைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அந்த ஊருக்கு 1904 முதல் சுரங்க ரயில் இருக்கிறது, கார் இல்லாமல் வாழ முடிகிறது, மற்றவையெல்லாம் தாமாக நடக்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பிராட்வே தெருவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வசதி படைத்தவர்கள் அந்த மையத்தை விட்டு வெளியேறிய பிறகு, பல ஆண்டுகள் அந்தத் தெருவைக் கைவிடாமல் காத்தவர்கள் ஸ்பானிய மொழி பேசும் உழைக்கும் குடும்பங்கள். துணிக்கும் நகைக்கும் கல்யாண உடைக்கும் பலகாரத்துக்கும் அவர்கள் அங்கேதான் வந்தார்கள். 1917இல் திறந்த கிராண்ட் சென்ட்ரல் சந்தை அவர்களால்தான் பிழைத்தது. 1999இல் பழைய கட்டடங்களை வீடுகளாக மாற்ற நகராட்சி விதிகளைத் தளர்த்தியதும் புதியவர்கள் வந்தார்கள். மீட்சி அங்கிருந்து தொடங்கியதாக எழுதுகிறார்கள். அந்தத் தெரு அதற்கு முன்பும் உயிரோடுதான் இருந்தது, பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோ கற்றுத்தருவது வேறு. பரபரப்பான நகரம் என்று பெயர் பெற்ற அதன் மையம் கணினித் துறை அலுவலகங்களை மட்டும் நம்பி இருந்தது. 2020இல் கொரோனா வந்து எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிய பிறகு, 2023, 2024 ஆண்டுகளில் அலுவலக இடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலியாகக் கிடந்தது. மார்க்கெட் தெருவில் நார்ட்ஸ்ட்ராம் என்ற பெரிய கடை 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சீனர்கள் குடியிருக்கும் சைனாடவுனில் அதே நாட்களில் காய்கறிக் கடையில் கைவைக்க இடமில்லை, ஏனென்றால் மாடியில் குடியிருப்பவர்கள் கீழே வந்து வாங்குகிறார்கள்.

அந்த நகரில் இன்னொரு காட்சி என்னை அசைத்துவிட்டது. கடற்கரையோரம் 1898இல் கட்டிய படகுத்துறைக் கட்டடமும் அதன் மேல் ஒரு கடிகாரக் கோபுரமும் இருக்கின்றன. அதன் முகத்துக்கு நேரே 1950களில் இரண்டடுக்கு மேம்பாலச் சாலை கட்டினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடிகாரத்துக்கும் ஊருக்கும் நடுவில் அந்தச் சாலை நின்றது. 1989 நிலநடுக்கத்தில் சாலை பழுதானதும், திரும்பக் கட்டலாமா இடிக்கலாமா என்று வாதாடி, 1991இல் இடித்தார்கள். வாகனங்கள் எங்கே போகும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அவை வேறு தெருக்களில் கலந்து போய்விட்டன. படகுத்துறைக் கட்டடம் 2003இல் உணவுச் சந்தையாகத் திறந்தது. நான் போன சனிக்கிழமை உழவர்கள் வெளியே பீச் பழமும் கீரையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். இதை வைத்து நம் மாவட்டத்தில் மேம்பாலங்களே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் 2018இல் வந்த பாலங்கள் திருவனந்தபுரம் போகும் வண்டிகளுக்கு எவ்வளவு உதவி என்று எனக்குத் தெரியும். ஊரைக் கடந்து போகிறவருக்குத்தான் பாலம். ஊருக்கு வருகிறவருக்குக் கடைவீதி வேண்டும். இரண்டு தேவைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் சந்தையைச் சாலையோரம் கொண்டுபோகச் சொல்கிறோம்.

நம் எல்லையைத் தாண்டினாலே ஒப்பிட்டுப் பார்க்க உதாரணம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 2021 டிசம்பரில் லுலு மால் திறந்தபிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவிலிலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காரில் போய்வருகிறார்கள். நானும் பேரப்பிள்ளைகளோடு போயிருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான ‘சாலைக் கம்போளம்’ என்ற பழைய கடைவீதி இன்றும் கிழக்கேகோட்டைப் பக்கம் நிமிர்ந்து நிற்கிறது. ரயிலடியும் பஸ் நிலையமும் பத்மநாபசுவாமி கோவிலும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அது நிற்கிறது. கோட்டாற்றிலிருந்து போய் அங்கே கடை வைத்த தமிழ் வியாபாரிகளின் பேரன்மார், முன்வாசலில் மலையாளமும் உள்கட்டில் தமிழுமாகப் பேசி இன்றும் மொத்த வியாபாரம் செய்கிறார்கள். ரயிலடியை அங்கிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் பணியில் இருந்தபோது மாவட்டத்தின் ஒரு சிற்றூரில், ஊர்ப்பெயர் வேண்டாம், சந்தை முக்கிலிருந்த பேருந்து நிறுத்தத்தைப் பராமரிப்பு வேலைக்காக இரண்டு கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள். மூன்று மாதம் என்று சொன்னது ஒரு வருடத்துக்கு மேல் நீண்டது. வண்டி நேரங்களை மாற்றி எழுதியவன் நான்தான். பழைய நிறுத்தத்தில் மரச்சீனிக் கிழங்கும் ஏத்தன் பழமும் குவித்து விற்கும் ஓர் அக்காள், முதல் வாரம் புதிய நிறுத்தத்துக்குக் கூடையைத் தூக்கி வந்து பார்த்தார். அங்கே வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள் இருந்தார்கள், சாமான் வாங்குகிறவர்கள் இல்லை. "தம்பி, இங்க எறங்குறவங்க எல்லாரும் ஆட்டோ பிடிச்சுப் போயிடுதாங்க, யாரும் நடக்கல்ல" என்றார். பழைய இடத்தில் பலகாரக் கடை, தையல் கடை, நாட்டு மருந்துக் கடை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பலகை போட்டு அடைத்தார்கள். நிறுத்தம் திரும்பி வந்தபோது வண்டிகள் வந்தன, அந்தக் கடைகளில் பாதி வரவில்லை. அந்த அக்காளும் வரவில்லை. ஒரு வரியில் நான் மாற்றி எழுதிய நேரம் ஒரு தெருவையே மாற்றிவிட்டது என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது.

கோட்டாற்றின் குறைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. மழை பெய்தால் ஓடை நிரம்பிக் கடைப்படி வரை வருகிறது. நடைபாதை இருக்கும் இடத்தில் சாக்குமூட்டை இருக்கிறது. பட்டப்பகலில் லாரியை நடுத்தெருவில் நிறுத்திச் சுமடு இறக்குகிறார்கள். பெண்கள் நாள் முழுக்க வந்துபோகும் வீதியில் அவர்களுக்கென்று ஒழுங்கான கழிப்பறை இல்லாதது மன்னிக்க முடியாத குறை. இவற்றைச் சரிசெய்ய வேண்டும் என்பதில் பலசரக்குக் கடைக்காரருக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை இல்லை. சரக்கு லாரிகளை இரவு பத்து மணிக்கு மேல் மட்டும் அனுமதிக்கலாம். ஓடைக்கு மூடி போட்டு அதையே நடைபாதையாக்கலாம். கடைகளின் மேல்மாடியில் பூட்டிக் கிடக்கும் அறைகளையும் பழைய கிட்டங்கிகளையும் குடியிருப்பாக மாற்றுகிறவருக்கு மாநகராட்சி சொத்துவரியில் சலுகை தரலாம். பிலடெல்பியாவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் அத்தகைய ஏற்பாடுதான் கைகொடுத்தது. நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையம் கோட்டாற்றிலேயே இருக்கிறது. அங்கே இறங்குகிறவர் மணிமேடைக்கும் வடசேரிக்கும் ஏறிப்போகச் சிறிய பேருந்துகள் பத்து நிமிடத்துக்கு ஒன்று ஓடினால், பாதிக் கார்கள் வீட்டிலேயே நிற்கும்.

பெரிய சாலை வரட்டும், அதன் ஓரத்தில் பெரிய கிடங்குகளும் வரட்டும். ஆனால் அண்ணா பேருந்து நிலையத்தையோ, வடசேரி கனகமூலம் சந்தையையோ, கோட்டாறு கடைவீதியையோ அங்கே கொண்டுபோகலாம் என்று யாராவது வரைபடம் போட உட்கார்ந்தால், அதற்கு முன் அவர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரை, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து ஒரு வாரம், கடைவீதி முக்கில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, எந்த நேரத்துக்கு யார் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், என்ன வாங்கினார்கள், எப்படித் திரும்பினார்கள் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த பிறகு வரைபடத்தைப் பற்றிப் பேசலாம். இந்தக் கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் மாநகராட்சியின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டுகிறேன். மேசையில் உட்கார்ந்து எழுத ஆள் குறைந்தால் சம்பளம் இல்லாமல் நான் வருகிறேன். அந்த வேலை எனக்குப் பழக்கமானது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற டைம் கீப்பர்,
கோட்டாறு, நாகர்கோவில்.